எத்தனை மணிக்கு உட்காரப் போறீங்க? வாசகர் கேள்வி பதில்: வாசல், மாடி, பால்கனி

வீட்டுக்கு வெளிய உட்கார இடம் அமைக்கறது பத்தி கேளுங்கன்னு போன இதழ்ல சொன்னதுதான் தாமதம், கேள்வி குவிஞ்சிடுச்சு. அதுல பாதி ஒரே புலம்பல்: காசு போட்டு கட்டியாச்சு சார், ஆனா வீட்ல ஒருத்தரும் அங்க போய் உட்கார மாட்டேங்கறாங்க. சைட்டுக்குப் போனா நான் மொதல்ல கேக்கறது பட்ஜெட் இல்ல, எத்தனை மணிக்கு உட்காரப் போறீங்கன்னுதான். காலைல காபிக்கா, சாயங்காலம் 5 மணிக்கா, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறமா? இதுக்கு பதில் தெரியாம போட்ட கூரைதான் நம்ம ஊர்ல முக்காவாசி.

சார், வேளச்சேரில எங்க மொட்டை மாடில போன வருஷம் கலர் ஷீட் போட்டோம். 20க்கு 15 அடி. டைல்ஸ், சோஃபா, தொங்குற லைட்டு எல்லாம் வெச்சோம். மழைச் சாரல் அடிக்குதேன்னு மூணு பக்கமும் ஷீட்டாலயே மறைச்சாச்சு. இப்ப ராத்திரி 9 மணிக்குக் கூட உள்ள நுழைய முடியல, அவ்ளோ புழுக்கம். எல்லாத்தையும் கழட்டிடவா?

மேல இருக்கறதை விட்டுடுங்க, பக்கத்துல இருக்கறதை கழட்டுங்க.

நடந்தது என்னன்னா, ஷீட் மெல்லிசு, வெயில்ல 60 டிகிரிக்கு மேல போகும், அதே வேகத்துல சூரியன் இறங்கினதும் ஆறியும் போயிடும். அதனால ராத்திரி 9 மணிக்கு உங்களை வேக வைக்கறது ஷீட் இல்ல. பகல் முழுக்க அனலைக் குடிச்ச கான்க்ரீட் தளமும் கைப்பிடி சுவரும்தான் மெதுவா வெளிய விட்டுட்டு இருக்கு. திறந்த மாடியா இருந்தா அந்தச் சூடு வானத்தைப் பாத்து கொஞ்சம் கொஞ்சமா போயிடும், நம்ம தாத்தா பாட்டி மாடில தண்ணி தெளிச்சுட்டு பாய் போட்டுப் படுத்ததெல்லாம் அதனாலதான். நீங்க மேலயும் மூடி, பக்கமும் மூடிட்டீங்க. அடுப்புக்கு மூடி போட்ட மாதிரி ஆயிடுச்சு.

சென்னைல நமக்கு வெப்பத்தை விட பெரிய எதிரி ஈரப்பதம். வேர்வை வருது ஆனா காய மாட்டேங்குது, அது காஞ்சாத்தான் உடம்பு குளிரும். அதுக்கு காத்து நகரணும், வேற வழியே இல்ல. அதனால கிழக்கு, தென்கிழக்கு பக்க மறைப்பை மொதல்ல எடுத்துடுங்க, கடல் காத்து வர்ற பக்கம் அது. ஐப்பசி கார்த்திகைல வடகிழக்குலேர்ந்து சாரல் அடிக்கும்தான், அந்த ரெண்டு மாசத்துக்கு மட்டும் இறக்கி விடற மாதிரி தார்ப்பாலினோ மூங்கில் தட்டியோ சுருட்டி வெச்சுக்கோங்க. ரெண்டு மாச மழைக்காக மிச்ச பத்து மாசமும் வேகறது என்ன கணக்கு?

அடுத்து ஷீட்டுக்கு அடியில முக்கா அடி இடைவெளி விட்டு மூங்கில் பாய்லயோ சிமெண்ட் போர்டுலயோ ஒரு சீலிங் அடிங்க, ஆனா அந்த இடைவெளியோட ரெண்டு ஓரமும் திறந்தே இருக்கணும், மூடினா பிரயோஜனமே இல்ல. ஷீட்டோட அனல் தலைல இறங்காம நடுவுல ஓடற காத்தோட போயிடும். இது ஒண்ணும் புது வித்தை கிடையாது. புதுச்சேரில அரவிந்தர் ஆசிரமத்தோட கோல்கொண்டா கட்டடம் இருக்கே, ஆர்க்கிடெக்ட் ஆன்டனின் ரேமண்ட் 1930கள்ல வடிவமைச்சது, அதுல கான்க்ரீட் தளத்துக்கு மேல வளைஞ்ச கான்க்ரீட் ஓடுங்களை அடுக்கி நடுவுல காத்து போக வழி விட்டிருக்காங்க. ஜன்னலுக்குக் கண்ணாடியே கிடையாது, திருப்பி திருப்பி வெச்சுக்கற பலகைங்கதான். ஏசி இல்லாத காலத்துல நம்ம கடற்கரைக் காத்தைப் புரிஞ்சு கட்டின கட்டடம். புதுச்சேரி போனா தெருவிலேர்ந்தாவது பாருங்க.

ஷீட்டோட மேல்பக்கம் வெள்ளை பெயிண்ட் அடிங்க. உங்க ஷீட் கருநீலமா இருக்கும்னு பந்தயம் கட்டறேன், எல்லாரும் அதைத்தான் வாங்கறாங்க.

கடைசியா ஒண்ணு, இதை யாரும் யோசிக்கறதே இல்ல. உங்க கைப்பிடி சுவர் மூணு, மூன்றரை அடி உயரம் இருக்கும். நீங்க போட்டிருக்கறது தாழ்வான சோஃபா. அதுல சாய்ஞ்சா தலை சுவத்தோட மட்டத்துக்கு வந்துடுது, காத்து உங்க தலைக்கு மேல ஜாலியா போயிட்டு இருக்கும். ஒன்றரை அடிக்கு ஒரு மேடை போட்டு அது மேல உட்காருங்க, வித்தியாசம் அன்னிக்கே தெரியும். மேடை விளிம்பு சுவரை ஒட்டி வேண்டாம், நாலு அடியாவது தள்ளியே இருக்கட்டும், குழந்தைங்க ஏறுவாங்க. ஃபேன் வேணும்னா சீலிங் ஃபேன் வேண்டாம், மேல தேங்கின அனலை அது அப்படியே கீழ தள்ளும், பக்கத்துலேர்ந்து அடிக்கற வால் ஃபேன் போடுங்க.

ஓஎம்ஆர்ல அபார்ட்மெண்ட், 7-வது மாடி, மேற்கு பாத்த பால்கனி. மதியம் 3 மணிக்கு மேல கதவையே திறக்க முடியல. மேல இருக்கற சன்ஷேடை நீட்டிக்கச் சொல்லி அசோசியேஷன்கிட்ட கேக்கலாமா?

கேட்டு சண்டை போட்டு ஜெயிச்சாலும் பயனில்லமா. சாயங்கால சூரியன் தாழ்வா வந்து நேரா மூஞ்சில அடிக்கும், மேல எவ்ளோ நீட்டினாலும் கீழ புகுந்து வந்துடும். மேற்குக்கு நிக்கற மறைப்புதான் வேலை செய்யும். மூங்கில் சிக், அதாவது சுருட்டி ஏத்தற மூங்கில் திரை, வாங்கி கம்பிக்கு வெளிப்பக்கமா தொங்க விடுங்க, உள்ள மாட்டினா சூடு உள்ள வந்தப்புறம் மறைக்கற மாதிரி ஆயிடும். 7-வது மாடில காத்து பிச்சுக்கும், அதனால கீழயும் ரெண்டு முனையைக் கட்டுங்க.

செடி பிடிக்கும்னா கர்ட்டன் க்ரீப்பரோ ரங்கூன் மல்லியோ ரெண்டு பெரிய தொட்டில வெச்சு ஏத்தி விடுங்க, ரெண்டும் நம்ம வெயிலுக்கு அசராது. ரங்கூன் மல்லி பூ சாயங்காலம் வெள்ளையா விரிஞ்சு அப்புறம் ரோஸாகி சிவப்பாகும், வாசனையும் ராத்திரிலதான் தூக்கும், நீங்க ஆஃபீஸ் முடிச்சு வர்ற நேரத்துக்கு சரியா இருக்கும்.

வெட்டிவேர் தட்டி போடலாமான்னு அடுத்து கேப்பீங்க. மே, ஜூன்ல மேல்காத்து சூடா வறண்டு அடிக்கற மத்தியானத்துல தண்ணி தெளிச்சா அருமையா இருக்கும். கடல் காத்து உள்ள வந்ததும் அதோட வேலை முடிஞ்சுது, அப்புறம் நனைச்சா புழுக்கம்தான் கூடும், சுருட்டி மேல ஏத்திடுங்க.

மிஸ்ட் ஃபேன் வாங்கலாமா? ரெஸ்டாரண்ட்ல எல்லாம் வெச்சிருக்காங்களே. (மைலாப்பூர் வாசகி)

மைலாப்பூருக்கு வேண்டாம். ஏற்கெனவே ஈரமா இருக்கற காத்துல இன்னும் தண்ணி அடிச்சா அது ஆவியாகாது, உங்க புடவைலயும் நாற்காலிலயும்தான் படியும். இதே கேள்வி வேலூர்லேர்ந்து ஏப்ரல் மாசத்துல வந்திருந்தா வாங்குங்கன்னு சொல்லியிருப்பேன்.

அண்ணே, தூத்துக்குடில வீடு, கடலுக்கு நடந்தே போயிரலாம். முன்வாசல்ல இரும்பு பைப்ல பெர்கோலா அடிச்சு ரெண்டே வருஷம், வெல்டிங் பண்ண இடமெல்லாம் துரு ஒழுகுது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல மாத்தினா துரு பிடிக்காதுன்னு கடைக்காரர் சொல்லுதாரு. நம்பலாமா?

எந்த நம்பர் ஸ்டெயின்லெஸ்ஸுன்னு கேட்டீங்களா தம்பி? கடைல சாதாரணமா கிடைக்கறது 304. உப்புக் காத்துல அதுலயும் டீக்கறை மாதிரி பழுப்பு படியும், ஓட்டை விழற அளவுக்குப் போகாது ஆனா பாக்க சகிக்காது. கடற்கரைக்கு 316, அதுல மாலிப்டினம் சேர்த்திருக்கும், உப்பைத் தாங்கும், விலை கூட. பெர்கோலா முழுக்க 316ல அடிச்சா பாதி வீட்டுக் காசு ஆயிடும், அவ்ளோ தேவையும் இல்ல.

இரும்புதான்னா, மொதல்ல வெட்டி வெல்டிங் எல்லாம் முடிச்சு, அப்புறம் மொத்தமா ஹாட் டிப் கால்வனைசிங் பண்ணிட்டு வாங்க, அதாவது உருகின துத்தநாகத்துல முழுசா முக்கி எடுக்கறது. பைப்ல அங்கங்க ஓட்டை விட்டிருக்கணும், இல்லாட்டி முக்கும்போது உள்ள மாட்டின காத்து விரிஞ்சு வெடிச்சுடும், இதெல்லாம் அந்தப் பட்டறைக்காரங்களுக்கே தெரியும். கொண்டு வந்து போல்ட்டுல பூட்டுங்க, சைட்ல மறுபடி வெல்டிங் வெச்சா அந்த இடத்துல துத்தநாகம் எரிஞ்சு போயிடும், துரு அங்கேர்ந்துதான் ஆரம்பிக்கும். உங்க கேஸ்லயும் வெல்டிங் இடத்துலதானே ஒழுகுது? கசட்டை தட்டி சுரண்டாம மேலாக்க ப்ரைமர் அடிச்சிருப்பாங்க.

உங்க பக்கத்துல ஒரு பொக்கிஷம் இருக்கு, பனை. முத்தின பனைல அறுத்த வைரச் சட்டம் உப்புக்கும் கரையானுக்கும் லேசுல மசியாது, பழைய ஓட்டு வீடு இடிக்கற இடத்துல அம்பது வருஷ சட்டம் புதுசு மாதிரி கிடைக்கும். கல்தூண் நாலு நட்டு மேல பனைச்சட்டம் போட்டு ஒரு முல்லைக் கொடியை ஏத்தினீங்கன்னா பெர்கோலாங்கற பேரே தேவையில்ல, நம்ம ஊர் பந்தல்தான் அது.

பழைய இரும்பை கழட்டற வரைக்கும் வாரத்துக்கு ஒரு தடவை நல்ல தண்ணி ஊத்தி உப்பைக் கழுவி விடுங்க, கொஞ்ச நாள் கூட ஓட்டலாம்.

மாடில ஒரு அடி மண் கொட்டி புல்தரை போடணும்னு என் பையன் ஆசைப்படறான். 1998ல கட்டின வீடு, தாங்குமா? (குரோம்பேட்டை)

ஆள் நடமாடற மொட்டை மாடிக்கு நம்ம ஊர் கணக்குப்படி சதுர மீட்டருக்கு 150 கிலோ சுமைன்னு வெச்சு டிசைன் பண்ணுவாங்க. ஒரு அடி ஆழத்துக்கு நனைஞ்ச மண் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 500 கிலோ வரும். வேண்டாம். பையன் ரொம்ப ஆசைப்பட்டா ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை நேர்ல கூட்டிட்டு வந்து காட்டுங்க, மேஸ்திரி சொல்றதை மட்டும் நம்பாதீங்க. பீம் மேலயும் சுவர் மேலயும் வர்ற மாதிரி தொட்டிகளை ஓரமா வெச்சுக்கலாம், மண்ணுக்கு பதிலா தேங்காய் நார்க்கழிவு கலந்தா எடை குறையும். செயற்கைப் புல் போட்டுக்கலாமான்னு கேக்காதீங்க, மத்தியானம் அதுல கால் வெச்சுப் பாத்துட்டு வந்து பேசுங்க.

தாம்பரத்துல வீட்டைச் சுத்தி காலி இடம் இருக்கு. சேறு ஆகுதுன்னு முழுசா பேவர் ப்ளாக் போடச் சொல்றார் கணவர். எனக்கு ஒரு மரம், அடியில ஒரு கல் பெஞ்ச், அவ்ளோதான் வேணும். யார் சொல்றது சரி?

குடும்பச் சண்டைல நடுவரா உட்கார எனக்கு தைரியம் கிடையாது, ஆனா இதுல நீங்கதான் சரி. பேவர் ப்ளாக் பகல்ல அடுப்பாட்டம் கொதிக்கும், சுவத்தை ஒட்டிப் போட்டீங்கன்னா அந்த அனல் ஜன்னல் வழியா வீட்டுக்குள்ளயே வரும். மழைத் தண்ணியும் மண்ணுக்குள்ள இறங்காது. 2003லேர்ந்து தமிழ்நாட்ல மழைநீர் சேகரிப்பு கட்டாயம், நாம என்னடான்னா ஒரு பக்கம் குழாய் வெச்சு தண்ணியை குழில விடறோம், இன்னொரு பக்கம் மொத்த மண்ணையும் மூடிடறோம்.

அவர் சொல்ற சேறும் நெஜம்தான், அதுக்கு வழி வாட்டம். வீட்டு சுவத்துலேர்ந்து வெளிய பாத்து பத்து அடிக்கு ஒன்றரை இன்ச்சாவது இறக்கம் இருக்கணும். கல் நடக்கற பாதைக்கு மட்டும் போதும். கடப்பா கல் வேண்டாம், கறுப்பு, காலைச் சுடும். வெளுப்பான கருங்கல் பலகையோ சொரசொரப்பான தாண்டூர் கல்லோ போட்டு நடுநடுவுல ரெண்டு இன்ச் விட்டு அதுல முக்கா இன்ச் ஜல்லி கொட்டுங்க. கேட்டுக்கு முன்னாடி நாலுக்கு நாலு இடம் மட்டும் வழவழப்பா சிமெண்ட் பூசச் சொல்லுங்க, கோலம் எங்க போடுவீங்க?

மரம்னா புங்கை. கோடை ஆரம்பிக்கும்போதே புதுத் தளிர் விட்டு நிழல் அடர்த்தியாகிடும், நமக்கு வேண்டிய நேரத்துல கரெக்டா. மேற்கு அல்லது தென்மேற்கு மூலைல வைங்க, சாயங்கால வெயிலை அது வாங்கிக்கட்டும். வீட்டு சுவரு, சம்ப், செப்டிக் டேங்க் மூணுலேர்ந்தும் 12 அடியாவது தள்ளி. சீக்கிரம் வளருதுன்னு மயில்கொன்றை, அதான் குல்மோஹர், வெச்சுடாதீங்க, 2016 டிசம்பர்ல வர்தா புயல் வந்துட்டுப் போன மறுநாள் காலைல தெருத்தெருவா என்ன விழுந்து கிடந்துச்சுன்னு சென்னைக்காரங்களுக்குத் தெரியும். புங்கை நிழலுக்கு வர நாலஞ்சு வருஷம் ஆகும், அது வரைக்கும் பெஞ்சுக்கு மேல ஒரு அவரைப் பந்தல் போட்டுக்கோங்க. காயும் கிடைக்கும், அவரும் சமாதானம் ஆவார்.

மாடில கீத்துக் கொட்டகை போட்டு அதுக்குள்ள பார்பிக்யூ அடுப்பு வைக்கலாம்னு ப்ளான். ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் சூப்பர்ங்கறாங்க. (அண்ணா நகர்)

கீத்து மாதிரி குளுமையான கூரை எதுவுமே கிடையாது, அதுல ரெண்டாவது பேச்சில்ல. அதுவே மூச்சு விடும், அனலைத் தேக்காது. ஆனா ஒண்ணு ரெண்டு வருஷத்துல மாத்தணும், புயல் வந்தா போயிடும், ஒரு பொறி போதும். 2004ல கும்பகோணத்துல பள்ளிக்கூடக் கீத்துக் கூரை பத்திக்கிட்டு 94 குழந்தைங்க போனாங்க. அதுக்கு அடியில அடுப்பா? கொட்டகை வேணும்னா கொட்டகை, அடுப்பு வேணும்னா அடுப்பு. அபார்ட்மெண்டா இருந்தா ரெண்டுமே வேண்டாம், உங்க மாடிக்குக் கீழ மத்தவங்க தூங்கறாங்க.

கொசு. வேற ஒண்ணும் கேக்கல. (புதுச்சேரி)

ஃபேன். கொசு ரொம்ப மோசமா பறக்கற ஜீவன், நல்ல வேகத்துல ஒரு ஃபேன் காலுக்கு நேரா ஓடினா கிட்ட வரவே திணறும். சுத்தி வலை அடிச்சா கொசு நிக்கும் ஆனா காத்தும் கணிசமா குறையும், அதனால வலைன்னா உள்ள ஃபேனும் சேத்து கணக்குப் போடுங்க. தொட்டிக்கு அடியில வெக்கற தட்டை வாரா வாரம் கவுத்துடுங்க, டெங்கு கொசு முட்டைலேர்ந்து பறக்கறதுக்கு ஒரு வாரம் பத்து நாள்தான் எடுக்கும், அதுக்கு நல்ல தண்ணிதான் பிடிக்கும், பகல்லதான் கடிக்கும். வெளிய போடற ப்ளக் பாயிண்ட் எல்லாத்துக்கும் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி, அதாவது கரண்ட் கசிஞ்சா தானா கட் ஆகற சுவிட்ச், இருக்கான்னு எலக்ட்ரீஷியன்கிட்ட கேளுங்க, சாரல்ல நனைஞ்ச கையோட சுவிட்ச் போடற இடம் அது.

ஐயா, மயிலாடுதுறை பக்கம் அப்பாவோட நிலத்துல வீடு கட்டறோம். வாசல்ல திண்ணை வேணும்னு அம்மா. ஆர்க்கிடெக்ட் சிட்அவுட்னு ஒண்ணு வரைஞ்சு கொடுத்திருக்கார், க்ரானைட் போட்டு ரெண்டு சேர் போடற மாதிரி. திண்ணைக்கு அளவு சொல்லுங்களேன். (வீடு வடக்கு பாத்தது)

இந்தக் கேள்விக்காகவே நான் இந்தப் பகுதிய எழுதறேன்னு வெச்சுக்கோங்க.

உயரம் ஒன்றரை அடி, அதுக்கு மேல போனா வயசானவங்க கால் தொங்கும். அகலம் ரெண்டரைலேர்ந்து மூணு அடி, உட்கார மட்டும்னா ஒன்றரை போதும் ஆனா திண்ணைன்னா படுக்கணும். நீளம் ஆறரை அடிக்குக் குறையாம. ஒரு முனைல சாய்வா தலைக்கு சுவத்தோட சேத்தே ஒரு மேடு கட்டச் சொல்லுங்க, பழைய வீட்ல எல்லாம் இருக்கும், பஞ்சுத் தலையணை மாதிரி பூஞ்சை பிடிக்காது. எங்க பாட்டி வீட்டுத் திண்ணைல அந்த மேடு நாலு தலைமுறை தலைபட்டு நடுவுல பள்ளமா ஆகியிருந்துச்சு, வீட்டை வித்தப்ப எனக்கு வேற எதுவும் தோணல, அதைப் பேத்து எடுத்துட்டு வர முடியாதான்னுதான் தோணுச்சு.

மேல்பரப்புக்கு சிவப்பு ஆக்ஸைடு, நல்லா தேய்க்கத் தெரிஞ்ச கொத்தனார் கிடைச்சா மட்டும். தேய்ப்பு சரியில்லன்னா ஆறு மாசத்துல வெடிக்கும், கிடைக்கலன்னா வெளுப்பான கல் போடுங்க. பளபள க்ரானைட் வேண்டாம், மழை நாள்ல அம்மா கால் வழுக்கும். தெரு பாத்து அரை இன்ச் வாட்டம், விளிம்பு உருண்டையா.

கூரைதான் முக்கியம். திண்ணையோட விளிம்பைத் தாண்டி ரெண்டரை அடியாவது ஓட்டுச் சாய்ப்பு வெளிய வரணும், முனைல ஏழு அடி உயரம் போதும். வடக்கு வாசல்தானே வெயிலே வராதுன்னு ஆர்க்கிடெக்ட் சொல்லலாம். ஏப்ரல் மூணாம் வாரத்துலேர்ந்து ஆகஸ்ட் மூணாம் வாரம் வரைக்கும் உங்க ஊர்ல மத்தியான சூரியன் தலைக்கு வடக்கால நிக்கும், காலைலயும் சாயங்காலமும் அந்த மாசங்கள்ல சாய்ஞ்சு திண்ணைக்கே வரும். அதனால மேற்கு ஓரத்துல ஒரு சின்ன பக்கச் சுவர், செங்கல்ல சல்லடை மாதிரி ஓட்டை விட்டுக் கட்டினது. வெயில் நிக்கும், காத்து வரும், சாயங்காலம் சுவத்துல புள்ளிப் புள்ளியா வெளிச்சம் விழும். உங்க பக்கம் அடைமழைக்கு வடகிழக்கு சாரல் நேரா வாசலுக்குத்தான் வரும், அப்ப இறக்கி விட ஒரு தட்டி கட்டற கொக்கி நாலு இப்பவே பதிச்சுடுங்க, பின்னாடி ஓட்டை போட்டா ஓடு உடையும்.

அம்மா எத்தனை மணிக்கு உட்காருவாங்கன்னு கேட்டுட்டு எழுதுங்க. மத்தியானம் சாப்பிட்டு படுக்கறதுக்குன்னா கிழக்கு பக்கத் திண்ணையை நீளமா கட்டுங்க, சாயங்காலம் தெருவுல போறவங்களோட பேசறதுக்குன்னா ரெண்டு பக்கமும் வேணும். எதிர்ல உட்கார ஆள் வேணுமே.